ஏட்டில் ஏறிய குடித்தனக்காரர்
உள்ளாட்சியும் வாடகை வீடும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், போடிமெட்டு மலைச்சாலையின் காலடியில் அமைந்த நமது போடிநாயக்கனூர், மலையும் சமவெளியும் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஊர். ஏலக்காய், காப்பி, மிளகு, இலவம் பஞ்சு, மாங்காய் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில் வந்து சேரும். சரக்கு வரும் ஊருக்கு மனிதரும் வருவர். கணக்கு எழுத வந்தவர், கடை வைக்க வந்தவர், சுமை தூக்க வந்தவர், அரசுப் பணி மாற்றலில் வந்தவர், நாள்தோறும் ஜீப்பில் மலையேறித் தோட்ட வேலை செய்து மாலையில் இறங்கி வருபவர் எனப் பலரும் முதலில் தேடுவது ஒரு வாடகை வீட்டையே.

வாடகைக்குக் குடியிருப்பவர் ஊரின் கணக்கில் எங்கே இருக்கிறார்? வீட்டு வரிச் சீட்டில் உரிமையாளர் பெயர். பத்திரத்திலும் உரிமையாளர் பெயர். மாதந்தோறும் பணம் கொடுப்பவரின் பெயர் பல இடங்களில் எந்தத் தாளிலும் இல்லை. இந்தப் பெயர் எப்போது, எப்படி ஊரின் ஏட்டில் ஏறத் தொடங்கியது, இன்னும் எங்கே ஏறாமல் நிற்கிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடத்தில் இட்ட ஓலை

தமிழ்நாட்டில் உள்ளாட்சியின் நேர்மையைப் பற்றிப் பேசுவோர் உத்திரமேரூரிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அனைவரும் பார்த்திருக்க, எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினர் இவ்வாறே அமைந்தனர். பதவிக் காலம் 360 நாள்கள்.

குடவோலையின் புகழுக்குக் காரணமாக நாம் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலையே சொல்கிறோம். அதனினும் உயர்ந்த விதி ஒன்று அக்கல்வெட்டில் உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் ஓலையில் இடம்பெற முடியாது. கடந்த மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவன் திருடினான் என்று நிறுவ வேண்டிய தேவை அங்கே இல்லை. கணக்குக் காட்டாமையே குற்றமாகக் கொள்ளப்பட்டது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட இவ்விதி இன்றைய எந்தப் பொது நிறுவனத்துக்கும் பொருந்தும்.

எனினும் வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தல் தகாது. அதே கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்றும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றும், வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதித்தது. அது பிராமணர் ஊரின் சபை. சொந்த மனை இல்லாத உழவரும், கைவினைஞரும், பெண்களும் அந்தக் குடத்துக்குள் நுழையவில்லை. கணக்கு திறந்திருந்தது உண்மை. ஆனால் அதைக் கேட்கும் உரிமை வீடுடையோர்க்கு மட்டுமே இருந்தது.

வரி கட்டியோர்க்கே வாக்கு

இந்தத் தடை சோழர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1882ஆம் ஆண்டு மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்தியத் தல சுயாட்சியின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. அதன் வழியில் 1884ஆம் ஆண்டிலும், பின்னர் 1920ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நகராட்சியில் வாக்களிக்கும் உரிமை, பெரும்பாலும் வரி செலுத்துவோர்க்கே கிடைத்தது. சொத்து இல்லாதவர் தெருவில் நடக்கலாம். தெருவிளக்கைப் பற்றிக் கேள்வி கேட்க அவருக்கு வாக்கு இல்லை. விடுதலைக்குப் பின், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கொள்கை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வந்தபோதுதான் குடித்தனக்காரரின் பெயர் முதன்முறையாக ஊரின் ஏட்டில், அதாவது வாக்காளர் பட்டியலில், உரிமையுடன் ஏறியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். 1920ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வரியை எதை வைத்துக் கணக்கிட்டது? அந்த வீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்தே கணக்கிட்டது. ஓராண்டு வாடகையில், பழுது பார்க்கும் செலவுக்கென 10 விழுக்காட்டைக் கட்டடப் பகுதியிலிருந்து கழித்து, எஞ்சியதே ஆண்டு மதிப்பு எனப்பட்டது. வாடகை என்ற எண்ணே வரிக்கு அடிப்படை. ஆகவே குடித்தனக்காரர் கொடுத்த பணமே நகராட்சிக் கருவூலத்தின் அளவுகோலாக இருந்தது. அவருக்கோ அந்தக் கருவூலத்தைப் பற்றிக் கேட்கும் வாய் இல்லாதிருந்தது.

வாடகைக்கும் வரிக்கும் உள்ள இந்த உறவில்தான் பல ஊர்களில் பொய் புகுந்தது. வாங்கும் வாடகை ஒன்று. வரிக்காகச் சொல்லும் வாடகை வேறொன்று. வாடகைக்கு ரசீது கொடுத்தால் உண்மை வாடகை வெளிப்பட்டுவிடும் என்பதால் ரசீதே கொடுக்கப்படவில்லை. நகராட்சியும் இழந்தது, குடித்தனக்காரரும் தாம் கொடுத்ததற்குச் சான்றின்றி நின்றார். ஒரு தாளை மறைத்ததால் இருவருக்கு இழப்பு நேர்ந்தது. பிற்காலத்தில் சதுர அடிக்கும் மண்டலத்துக்கும் இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வகுக்கப்பட்டு, வரி விதிப்பு ஓரளவு எவரும் கணக்கிட்டுப் பார்க்கக்கூடியதாயிற்று.

தண்டவாளம் பெயர்ந்த காலத்தில் வந்த சட்டம்

மதுரையிலிருந்து போடிக்கு 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக 1942இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1950களில் மீண்டும் போடப்பட்டு, அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15 அன்று மீண்டும் நம் ஊருக்குத் தொடர்வண்டி வந்ததை யாவரும் அறிவோம். நம் தண்டவாளத்தைக் கொண்டுபோன அதே போர்தான், சென்னை மாகாணத்துக்கு வாடகைக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது.

போர்க்காலத்தில் நகரங்களில் மக்கள் பெருகினர், இரும்பும் சிமெண்டும் போருக்குப் போயின, புதிய வீடுகள் எழவில்லை, வாடகை ஏறியது. 1941ஆம் ஆண்டில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அது 1946இலும் 1949இலும் சட்டமாகி, இறுதியில் 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாக நிலைபெற்றது. சென்னை, மதுரை ஆகிய பெருநகரங்களோடு எல்லா நகராட்சிகளுக்கும் அது பொருந்தியது. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த சிற்றூர்க் குடித்தனக்காரருக்கு, அரசு தனியே அறிவித்தாலன்றி, அச்சட்டத்தின் நிழல் இல்லை.

அச்சட்டம் குடித்தனக்காரருக்கு அளித்தவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது நியாய வாடகை. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக் கட்டடமாயின் மனையும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு, கடை முதலியவையாயின் 12 விழுக்காடு என்று கணக்கு வகுக்கப்பட்டது. மொத்த மதிப்பு 1,00,000 ரூபாயாக மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு ஆண்டு வாடகை 9,000 ரூபாய். மாதம் 750 ரூபாய். இரண்டாவது ரசீது. வாங்கும் வாடகைக்குக் கையொப்பமிட்ட ரசீது தருவது உரிமையாளரின் கடமையாயிற்று. மூன்றாவது, காரணம் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஆணை பெற்றன்றி வெளியேற்ற இயலாத நிலை.

இச்சட்டத்தால் தீமையே விளையவில்லை என்று சொல்வதற்கில்லை. பழைய வாடகையிலேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டடங்கள் சிக்கின. பழுது பார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. வாடகைக்கு விடவே அஞ்சிப் பூட்டி வைத்தோரும் உண்டு. ஏழை விதவை ஒருத்தியின் ஒரே வருவாய் ஒரு சிறிய வீட்டு வாடகையாக இருக்க, வசதியுள்ள ஒருவர் அதில் குறைந்த வாடகைக்கு இருந்தால், அங்கே நியாயம் எப்பக்கம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். வீட்டுக்காரர் என்றால் வலியவர், குடித்தனக்காரர் என்றால் எளியவர் என்று எப்போதும் கொள்ள முடியாது.

மலையில் வாடகையில்லா வீடு

ஏலமலைச் சரிவுகளின் நிலை வேறு. தோட்டங்களில் தங்கி வேலை செய்வோர் வாழும் வரிசை வீடுகளை லயம் என்பர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு கட்டித் தந்து பராமரிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. தேயிலை, காப்பி, ரப்பர் ஆகியவற்றோடு ஏலத் தோட்டங்களும், 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் கொண்டிருந்தால், அதன் வரம்புக்குள் வந்தன. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இக்கடமையை ஏற்றுக்கொண்டது.

வாடகை இல்லாத வீடு என்று கேட்கும்போது இனிமையாகவே இருக்கிறது. ஆனால் வாடகை இல்லையென்றால் ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் குடித்தனக்காரர் என்ற தகுதியும் இல்லை. வேலை போனால் வீடும் போகும். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர், அதுவரை தம் வீடு என்று எண்ணியிருந்ததைக் காலி செய்துவிட்டுச் சமவெளியில் வாடகைக்கு இடம் தேட வேண்டியவராகிறார். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டனர். எங்கே குடியிருப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் நிலையில் அவர்கள் இல்லை. வீடு என்பது கூலியோடு கட்டிய முடிச்சாக இருக்கும்வரை, அதில் வாழ்பவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பது அரிது.

கணக்கை உரக்கப் படித்த ஊர்

உள்ளாட்சியின் வெளிப்படைத்தன்மை சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை. இராஜஸ்தானில், 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்போர் அமைப்பு ஒரு மக்கள் மன்றத்தைக் கூட்டியது. அரசுப் பணிகளின் கூலிப் பட்டியல்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தனர். கேட்டிருந்தவர்களே சாட்சிகள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முழுச் செலவு என ஏட்டுக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி ஊரறிய வெளிப்பட்டது. அந்த இயக்கம் எழுப்பிய குரல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்றாகும். தமிழ்நாடோ அதற்கு முன்னரே, 1997இல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் அறியும் உரிமைக்கு ஒரு மாநிலச் சட்டம் இயற்றியது.

இவ்வுண்மையைப் போடிக்காரர்களுக்கு விளக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007ஆம் ஆண்டில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்தது. போடியிலும் மலைமேல் புத்தடியிலும் நடக்கும் அவ்வேலத்தில், எந்தக் குவியலுக்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பது கூடத்திலிருக்கும் அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது. விலை கூடலாம், குறையலாம். அதைப் பற்றி மனக்குறையும் இருக்கலாம். ஆயினும் விலை எப்படி வந்தது என்பது மறைவாக இல்லை. ஏலக்காய்க்குத் தரும் இந்த மரியாதையை நாம் வீட்டு வாடகைக்கும் வரிக்கும் தர வேண்டாமா?

நகர உள்ளாட்சியில் அதற்கான வாயில்கள் அண்மையில் சற்று அகன்றுள்ளன. தமிழ்நாட்டின் நகராட்சிகளில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாதிருந்தன. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, கிராம சபையைப் போலவே நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அதே 2022இல் நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான சொத்து வரி, 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்த்தப்பட்டது. வரி உயர்வைக் காரணம் காட்டி வாடகை உயர்த்தப்படும்போது, உயர்ந்த வரி எவ்வளவு என்று கேட்டறிந்தால் பேச்சு நியாயமாக முடியும். 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டின் ஆண்டு வரி 1,000 ரூபாயாக இருந்திருந்தால், அது 1,250 ஆகியிருக்கும். மாதக் கணக்கில் ஏறக்குறைய 21 ரூபாய். அதைச் சொல்லி மாதம் 500 ரூபாய் கூட்டுவது வரியின் பெயரால் செய்யும் வேறு கணக்கு.

2017ஆம் ஆண்டுச் சட்டமும் 11 மாத ஒப்பந்தமும்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகையைச் சட்டமே கணக்கிட்டுத் தரும் முறை முடிந்தது. இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. அதற்கு ஈடாக எழுத்து கட்டாயமாயிற்று. ஒப்பந்தம் எழுதப்பட்டு, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட்டு, ஒரு பதிவு எண் வழங்கப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தி வெளியேற்றுவது கூடாது.

நம் பகுதியில் வழக்கிலுள்ள 11 மாத ஒப்பந்தம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க எழுந்த பழக்கமே. பதிவைத் தவிர்க்கும் அப்பழக்கத்துக்குப் புதிய சட்டத்தில் இடமில்லை.

இன்னும் கவனத்துக்குரியது ஒத்தி. மாத வாடகை இன்றி, ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறும் முறை இது. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணமும், வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணமும் இப்படி ஒரே இடத்தில் தங்கிவிடுகின்றன. ஈட்டுத் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. வெறும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இலட்சங்களைக் கொடுப்பவர், வீடு விற்கப்பட்டாலோ கொடுத்தவரோ வாங்கியவரோ மறைந்தாலோ என்ன செய்வார்? முகத்தை நம்பிக் கொடுத்த பணம் வாரிசுகளிடையே வழக்காவதை நாம் காணாமலில்லை.

அறநிலையங்களுக்குத் தரப்பட்ட விலக்கு

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும்.

1976ஆம் ஆண்டில் தமிழக அரசு ஓர் ஆணையின் மூலம், இந்து, கிறித்தவ, முஸ்லிம் சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொது அறநிலையங்களுக்கும் சொந்தமான கட்டடங்களை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது. அறத்துக்கென விடப்பட்ட சொத்துகள் மிகக் குறைந்த வாடகையில் முடங்கி, அறப்பணிகள் நலிவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கு செல்லும் என்று 1980களில் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பதிவு பெற்ற வக்ஃபின் கட்டடங்கள் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன.

இதன் பொருள் என்ன? தனியார் வீட்டில் இருந்தவருக்கு நியாய வாடகை கேட்டு முறையிட ஓர் அதிகாரி இருந்தார். அறநிலையத்தின் வீட்டிலோ கடையிலோ இருந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. அவர் முறையிட வேண்டியது அந்த அறநிலையத்தின் நிர்வாகத்திடமே. வக்ஃபு நிர்வாகத்துக்குக் கணக்குக் கடமை நெடுங்காலமாகவே உண்டு. 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃபுச் சட்டம் முத்தவல்லிகளைக் கணக்குத் தாக்கல் செய்யப் பணித்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கு, தணிக்கை ஆகியவற்றை வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 2014ஆம் ஆண்டின் குத்தகை விதிகள் ஏலமுறைக்கு நெறி வகுத்தன. 2025இல் அச்சட்டம் பெயர் உட்படப் பலவாறு திருத்தப்பட்டது. ஆனால் இவையெல்லாம் நிர்வாகம் வாரியத்துக்குச் சொல்லும் கணக்கு. அந்த வீட்டில் குடியிருப்பவருக்கும், இந்த ஜமாஅத்தில் சந்தா செலுத்துபவருக்கும் சொல்லும் கணக்கு நம் கையில்தான் இருக்கிறது.

தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை ஆலிம்கள் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளம் அன்று, அமானிதத்தின் காவல்.

பொதுச் சொத்தை வாடகைக்கு விடும் எந்த ஜமாஅத்தும், கோயில் நிர்வாகமும், தேவாலயக் குழுவும், நகராட்சியும் கைக்கொள்ளத்தக்க நெறிகள் இவ்வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. கட்டடம் காலியானால் அறிவிப்புப் பலகையில் எழுதுதல். வாடகையும் முன்பணமும் எந்த அடிப்படையில் வகுக்கப்பட்டன என்று எழுதுதல். எளியோர்க்கென ஒதுக்கிய வீட்டுக்குத் தகுதியுடையோர் பலரானால் அனைவர் முன்னிலையிலும் குலுக்கி எடுத்தல். நிர்வாகத்தில் இருப்பவர் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ எடுத்துக்கொண்டால் அதையும் வெளிப்படையாகப் பதிதல். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. ஆண்டறிக்கையில் மொத்த வாடகை என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், கட்டட வாரியாக வரவையும் நிலுவையையும் அச்சிடுதல். ஏழ்மையால் நிலுவை வைத்தவரின் மானத்தைக் காக்கப் பெயரை விட்டுக் கதவு எண்ணை மட்டும் இடலாம்.

அதேபோல் குடித்தனக்காரருக்கும் கடமை உண்டு. வசதி வந்த பின்னரும் பழைய சலுகை வாடகையில் பொதுச் சொத்தைப் பிடித்து வைத்திருப்பதும், உள்வாடகைக்கு விட்டு இலாபம் பார்ப்பதும், அடுத்துக் காத்திருக்கும் ஏழையின் பங்கை எடுத்துக்கொள்வதே ஆகும்.

முடிவாக

உத்திரமேரூரில் கணக்குத் திறந்திருந்தது. வீடற்றவருக்கு அதைக் கேட்க உரிமை இல்லை. பின்னர் வாக்குரிமை வந்தது, கணக்கு மூடியிருந்தது. பின்னர் தகவல் உரிமை வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுதப்படவில்லை. ஒவ்வொரு காலமும் ஒரு கதவைத் திறந்து, மற்றொன்றைப் பூட்டியே வைத்திருந்தது. இப்போது சட்டத்தின் கதவுகள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. எஞ்சியிருப்பது நாம் எழுத வேண்டிய தாள்.

இம்மலரைக் கையில் எடுக்கும் ஜமாஅத்தார்கள் பலரும் கட்டுரைகளைப் படித்துவிட்டு வரவு செலவுப் பக்கங்களைக் கடந்துவிடுவது வழக்கம். இவ்வாண்டு அப்பக்கங்களை முதலில் படியுங்கள். புரியாததைப் பொதுக்குழுவில் கேளுங்கள். கேட்பவரை நிர்வாகக் குழு பகைவராக எண்ணாது, தம் சுமையைப் பகிர வந்தவராக எண்ணட்டும். வீடு வாடகைக்கு விட்டிருப்போர் இந்த மாதம் முதல் ஒரு ரசீது எழுதித் தாருங்கள். வாடகைக்கு இருப்போர் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

வல்ல இறைவன் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.